சீனித்துளசி பூக்கிறது, விதை மட்டும் முளைப்பதே இல்லை: மாற்றிக்கொள்ள வேறு செடி யாரிடமாவது இருக்கிறதா?

மாடித்தோழி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகச் சீனித்துளசி (ஸ்டீவியா என்கிற, இலை இனிக்கும் செடி) வளர்க்கிறேன். முதலில் வந்தது ஒரே ஒரு செடிதான். அதிலிருந்து குச்சி வெட்டி வைத்து வைத்து இப்போது ஒன்பது தொட்டி ஆகிவிட்டது. இலைக்குக் குறைவில்லை. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களும் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. விதை எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று காய்ந்த பூக்களையெல்லாம் காகித உறையில் சேர்த்து வைத்தேன். மூன்று முறை விதைத்தாயிற்று. கடைசி முறை எண்பது விதை எண்ணிப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம், சலித்த மணல் என்று கலவையை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள். என்னிடம் வேரோடு இருக்கும் கன்றுகள் ஆறு உபரியாக இருக்கின்றன. கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல்லும் தர முடியும்.

கணுக்குச்சி:
விதை என்ன நிறம்? ஒரு வெள்ளைக் காகிதத்தில் பத்து விதையைக் கொட்டி, நகத்தால் மெதுவாக அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள். மண்கலவையை விடுங்கள், பிரச்சினை அங்கே இருக்காது என்று நினைக்கிறேன்.

மாடித்தோழி:
இப்போதுதான் பார்த்தேன். எல்லாமே வெளிறிய பழுப்பு, வைக்கோல் நிறம். நுனியில் பஞ்சு மாதிரி மயிர் இருக்கிறது. அழுத்தினால் தட்டையாகிவிடுகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. பத்தும் அப்படித்தான்.

கணுக்குச்சி:
அப்படியென்றால் நீங்கள் விதைத்தது வெறும் தோலை. தவறு உங்கள் மேல் இல்லை.

சீனித்துளசி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத செடி. ஒரு பூவின் மகரந்தம் அதே செடியின் இன்னொரு பூவில் விழுந்தாலும் பெரும்பாலும் கரு உருவாகாது. உங்களிடம் ஒன்பது தொட்டி இருந்தாலும், எல்லாம் ஒரே தாயின் குச்சியிலிருந்து வந்தவை. மரபணுப்படி பார்த்தால் ஒன்பது இடத்தில் நிற்கும் ஒரே செடி. ஒன்பதும் ஒரே நாளில் பூத்து, ஆயிரம் தேனீ வந்து போனாலும் கிடைப்பது இந்த வெளிறிய சப்பை விதைதான். கரு பிடித்த விதை கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ, கொஞ்சம் தடித்து இருக்கும். அழுத்தினால் தாங்கும்.

உங்களுக்கு வேண்டியது வேறொரு தாயிலிருந்து வந்த செடி. விதையிலிருந்து வளர்ந்த ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பூக்கவிடுங்கள். மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். தேனீ வராத மாடியென்றால் ஒரு கொத்தை எடுத்து இன்னொரு கொத்தில் மெதுவாகத் தேய்த்தாலும் போதும்.

மாடித்தோழி:
இரண்டு வருடமாக இது தெரியாமல் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி அண்ணா. யாரிடமாவது வேறு தாய்ச்செடி இருந்தால் ஒரு குச்சி கொடுங்களேன்.

நிழல்வலை:
என்னிடம் இருப்பது விதையிலிருந்து வந்தது. ஒரு பாக்கெட்டில் கறுப்பு விதையாகப் பொறுக்கியதில் இருபத்தைந்து தேறியது, அதில் நான்கு முளைத்தன, இரண்டு பிழைத்தன. இரண்டும் பார்க்கவே வேறு வேறு மாதிரி இருக்கும். ஒன்று உயரமாக, குறுகிய இலையோடு. இன்னொன்று குட்டையாக, இலை அகலமாக, புதர்போல. சுவையும் வேறு. உயரமானதில் கடைசியில் ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். குட்டைச் செடியில் அது குறைவு. குட்டையிலிருந்து உங்களுக்கு நான்கு குச்சி அனுப்புகிறேன் அக்கா. பதிலுக்கு உங்கள் செடியிலிருந்து இரண்டு போதும், எனக்கும் அது புதுத் தாய்தானே.

விதைப்பெட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விதை வேண்டும் என்பதே சரியான ஆசையா என்று யோசிக்கச் சொல்வேன். நிழல்வலை சொன்னதைப் பாருங்கள்: ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு நாற்றும் இரண்டு சுவை. விதை வழியாக வரும் சீனித்துளசியில் இனிப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்பது நாற்றுக்கு நாற்று மாறும். இலையின் இனிப்புக்கு முக்கியக் காரணம் ஸ்டீவியோசைடு, ரெபாடியோசைடு ஏ என்ற இரண்டு பொருள்கள். சாதாரணச் செடியின் காய்ந்த இலையில் ஸ்டீவியோசைடு 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், ரெபாடியோசைடு ஏ 2 முதல் 4 சதவீதம். பின்னதுதான் சுவையில் சுத்தமானது. முன்னது அதிகமானால் அதிமதுரம் மென்றது போன்ற பின்சுவை தங்கும். இந்த விகிதம் தாய்க்குத் தாய் வேறுபடும். நல்ல தாய் கிடைத்தால் அதைக் குச்சியால்தான் காப்பாற்ற முடியும்.

மாற்றிக்கொள்ளும்போது விதையைவிட வேர்பிடித்த கன்றோ குச்சியோ கொடுப்பதுதான் நேர்மையான கொடை என்பது என் கருத்து. விதை சீக்கிரம் முளைப்புத்திறனையும் இழந்துவிடும். அறையில் சில மாதம் கிடந்தாலே பெரும்பகுதி போய்விடும்.

கணுக்குச்சி:
தாயைக் காப்பாற்றக் குச்சி என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எல்லோரும் குச்சியே கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரே செடிதான் எல்லா மாடியிலும் நிற்கும். அதற்கு ஒரு நோய் வந்தால் எல்லோருக்கும் ஒன்றாகப் போகும். புதுச் சுவையும் வராது. விதை ஆசை வேண்டும். எதை விதையாக்குகிறோம், எதைக் குச்சியாக்குகிறோம் என்று தெரிந்து செய்தால் போதும். கறுப்பு விதையை மண்ணுக்குள் புதைக்காமல் ஈரமான கலவையின் மேலேயே தூவி லேசாக அழுத்திவிடுங்கள். வெளிச்சம் பட வேண்டும். கதகதப்பான இடத்தில் ஒன்று, இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

புதுத்துளிர்:
நான் புதிது. என் சீனித்துளசி நான்கு அங்குலம் வந்ததும் பூத்துவிட்டது, இலையே இல்லை. உரம் போதவில்லையா?

கணுக்குச்சி:
உரம் காரணம் இல்லை தம்பி, பகல் நீளம்தான். இது குறும்பகல் செடி. பகல் சுமார் 13 மணி நேரத்துக்குக் கீழே போனால் பூவுக்குத் திரும்பிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், செடி எப்போதும் பூக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். மொட்டு தெரிந்த அன்றே நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிளை வரும், அதுவும் நான்கு ஜோடி இலை விட்டதும் மறுபடி கிள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் விளக்கு வெளிச்சம் காட்டினாலும் பூ தள்ளிப்போகும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலை பெருக்கும், இனிப்பு ஏறாது.

இனிப்பு உச்சத்தில் இருப்பது பூ விரியச் சற்று முன்புதான். மொட்டு தெரிகிறது, பூ இன்னும் விரியவில்லை, அந்த நாளில் அறுங்கள்.

கொடிப்பந்தல்:
தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், புதியவர்கள் அங்கேதான் செடியை இழக்கிறார்கள். இது பராகுவே நாட்டின் வடகிழக்கில் அமம்பாய் மலைப்பகுதியில் தானாக வளர்ந்த செடி. சதுப்பு ஓரத்துப் புல்வெளி, மணல் கலந்த மண். ஈரம் எப்போதும் இருக்கும், ஆனால் நீர் தேங்கி நிற்காது. தொட்டியிலும் அதையே கொடுக்க வேண்டும். வேர் மேலாகவே பரவுவதால் ஒருநாள் முழுக்கக் காய்ந்தாலும் துவண்டுவிடும், அடியில் தண்ணீர் நின்றாலும் தண்டு அடியோடு அழுகிவிடும். நான் விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவேன்.

நிழல்வலை:
மாடித்தோழி அக்கா, குச்சி அனுப்பிவிட்டேன். எப்படிக் கட்டினேன் என்று எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

முதல் நாள் மாலையே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டேன். காலையில் வெயில் ஏறும் முன் பூக்காத இளங்கிளைகளில் ஒரு விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். கீழ் இரண்டு கணுவில் இருந்த இலைகளை எடுத்துவிட்டேன், மேலே இரண்டு ஜோடி மட்டும் வைத்தேன். வெட்டிய முனையை மட்டும் நனைத்துப் பிழிந்த மெல்லிய காகிதத்தில் சுற்றி, அதன்மேல் ஒரு சின்ன நெகிழி உறை, ரப்பர் வளையம். இலைப்பகுதி வெளியே காய்ந்தே இருக்க வேண்டும். இலை நனைந்தால் இரண்டாம் நாளே கறுத்துவிடும். முதல்முறை அனுப்பியபோது முழுக் குச்சியையும் ஈரத்துணியில் பொதிந்து அனுப்பி, அங்கே கூழாகப் போய்ச் சேர்ந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பிறகு கெட்டியான அட்டைப்பெட்டி, காற்றுப்போக இரண்டு துளை. வாரத் தொடக்கத்தில் அனுப்பினேன், விடுமுறை நாளில் எங்கேயும் கிடக்காது.

வந்ததும் அரை மணி நேரம் தண்ணீரில் நிற்க வையுங்கள், பிறகு நடுங்கள். நிழலில் வைத்து மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். இழுத்துப் பார்க்காதீர்கள், புதுத் துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலியோரம்:
ஒரு வேண்டுகோள். தயவுசெய்து மண்ணோடு செடி அனுப்பாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள்.

நான் இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு நண்பர் அன்போடு தொட்டியோடு கொடுத்த செம்பருத்தி. இலை பளபளவென்று இருந்தது. நானும் சந்தேகமே இல்லாமல் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தேன், அதன் பழைய மண்ணையும் வீணாக்க வேண்டாமே என்று தக்காளித் தொட்டிகளில் பிரித்துப் போட்டேன். ஆறு வாரத்தில் தக்காளி பகலில் வாடும், மாலையில் நிமிரும். தண்ணீர் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, ஜெபமாலை கோத்தது போல. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு அந்த மண்ணில் வந்திருக்கிறது. தக்காளி, வெண்டை, கத்தரி மூன்றும் போயின. பதினான்கு தொட்டி மண்ணை மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். நண்பருக்கும் தெரியாது, அவர் தோட்டத்திலும் இருந்திருக்கிறது.

அதிலிருந்து வேரோடு வரும் எதையும் ஓடும் தண்ணீரில் கழுவி, வேரை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் புது மண்ணில் வைப்பேன். குச்சியாக வந்தாலும் நான்கு வாரம் தனி மூலையில் இருக்கும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இரண்டும் முட்டையாக இலைக்கடியிலோ கணு இடுக்கிலோ ஒளிந்து வரும், அன்றைக்கே தெரியாது. நான்கு வாரம் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்துச் சுத்தமாக இருந்தால் மற்றச் செடிகளோடு சேர்ப்பேன். கொடுக்கும்போதும் அதே முறை.

மாடித்தோழி:
படித்தேன் அண்ணா, மனது கஷ்டமாக இருந்தது. நிழல்வலை அனுப்பிய நான்கு குச்சியும் வந்துவிட்டன. நீங்கள் சொன்னபடி படிக்கட்டுக்கடியில் தனியாக வைத்திருக்கிறேன்.

புதுத்துளிர்:
எனக்கு ஒருவர் சீனித்துளசி என்று கொடுத்தது இனிக்கவே இல்லை. துளசி வாசனைதான் வருகிறது. ஏமாற்றிவிட்டாரா?

விதைப்பெட்டி:
அவரும் அறியாமல் கொடுத்திருக்கலாம். பெயர்தான் குழப்பம். சீனித்துளசிக்கும் துளசிக்கும் உறவே இல்லை. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் ஒரு குடும்பம். சீனித்துளசி சூரியகாந்திக் குடும்பம், அதனால்தான் விதை நுனியில் அந்தப் பஞ்சு, காற்றில் பறக்க. துளசியின் தண்டு நான்கு பட்டையாக இருக்கும், விரலில் உருட்டினால் தெரியும். சீனித்துளசித் தண்டு உருண்டை. கசக்கினால் பெரிதாக வாசனை இருக்காது.

சர்க்கரை வேம்பு என்ற கல்லுருக்கியையும் சிலர் இந்தப் பெயரில் கொடுக்கிறார்கள். இன்சுலின் செடி என்பதும் முற்றிலும் வேறு, இஞ்சிக்குத் தூரத்து உறவு. மாற்றிக்கொள்ளும்போது அறிவியல் பெயரைத் தமிழிலாவது எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது: ஸ்டீவியா ரெபாடியானா.

கொடிப்பந்தல்:
அந்தப் பெயரில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து பராகுவேயில் குடியேறிய தாவரவியலாளர் மோயிசேஸ் பெர்ட்டோனி 1899இல் இதை விவரித்து எழுதினார். ரெபாடியானா என்பது ஒவிதியோ ரெபாடி என்ற வேதியியலாளரின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்தப் பகுதியின் பழங்குடிகளான குவாரானி மக்கள் இந்த இலையை அறிந்து, மாத்தே என்ற கசப்பான பானத்தில் சேர்த்துக் குடித்தார்கள். அவர்கள் வைத்த பெயருக்கு இனிப்பு மூலிகை என்று பொருள். 1970களில் ஜப்பானில் வணிகமாகி, பிறகு உலகம் முழுக்கப் போனது. அறிந்து சொன்னவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை என்ற குரல் இன்றுவரை இருக்கிறது. 2010இல் வந்த நகோயா ஒப்பந்தம் இதற்காகத்தான்: செடியாலும் அதைப் பற்றிய அறிவாலும் வரும் பயனில் அதற்கு உரியவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்பது. நான் கொடுக்கும் ஒவ்வொரு கன்றின் சீட்டிலும் ‘குவாரானி மக்களின் செடி’ என்று ஒரு வரி எழுதுகிறேன். வாங்குபவர் கேட்பார், சொல்வேன்.

நிழல்வலை:
அழகான பழக்கம் சார். நானும் எழுதுகிறேன். சீட்டு என்றதும் சொல்ல வேண்டியது: பெயர், எந்தத் தாய், யார் கொடுத்தது, எந்த மாதம் வெட்டியது, இவ்வளவும் பென்சிலில் எழுதுங்கள். மை வெயிலில் இரண்டு மாதத்தில் போய்விடும், பென்சில் நிற்கும்.

தூரதேசம்:
நான் வெளிநாட்டில் இருக்கிறேன். கறுப்பு விதை கிடைத்தால் உறையில் போட்டு அனுப்ப முடியுமா? சின்ன விதைதானே.

வேலியோரம்:
வேண்டாம் தம்பி. எல்லை தாண்டும் செடிக்கும் விதைக்கும் பெரும்பாலான நாடுகளில் பயிர்நலச் சான்றிதழ் (நோயும் பூச்சியும் இல்லை என்ற அரசுச் சான்று) கேட்பார்கள். 1951இலேயே இதற்கென்று பன்னாட்டு ஒப்பந்தம் வந்துவிட்டது. விதை எவ்வளவு சின்னதானாலும் நோய் அதிலும் பயணம் செய்யும். என் மண்ணில் வந்தது ஒரு மாடியோடு போயிற்று, நாட்டுக்குள் வந்தால் யார் மூட்டை கட்டுவது? நீங்கள் இருக்கும் நாட்டுக்குள்ளேயே வளர்ப்பவர்களைத் தேடுங்கள்.

ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை) கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், அதையும் கொடுக்காதீர்கள். பூ அழகுதான். ஒரு குளத்துக்குள் போனால் குளத்தையே மூடிவிடும். வெளியிலிருந்து வந்து பரவிக் கெடுக்கும் உயிர்களில் உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிறது. உன்னிச்செடியும் அதே பட்டியலில்தான்.

விதைப்பெட்டி:
உரிமை பெற்ற ரகங்களும் உண்டு. பெயர்ச்சீட்டில் இனப்பெருக்கம் செய்யத் தடை என்று இருந்தால் அந்தச் செடியில் குச்சி வெட்டிப் பரப்ப வேண்டாம். ஒரு ரகத்தை உருவாக்கியவரின் பல வருட உழைப்பு அது.

கொடிப்பந்தல்:
மாற்றிக்கொள்ள என்னிடம் சிறுகுறிஞ்சான் குச்சி இருக்கிறது. சீனித்துளசி வைத்திருப்பவர்கள் இதையும் ஒன்று வையுங்கள். போன வாரம் என் அண்ணன் மகளுக்கு ஒரு விளையாட்டு காட்டினேன். முதலில் சீனித்துளசி இலையில் பாதி கொடுத்தேன். உடனே இனிக்காது, இரண்டு நொடி கழித்து ஏறி, நாக்கின் பின்பக்கம் வரை போய் நிற்கும். அவள் கண் விரிந்தது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை மென்று துப்பச் சொன்னேன். பிறகு சீனித்துளசியின் மீதிப் பாதி. வெறும் பச்சை இலை, லேசான கசப்பு, இனிப்பே இல்லை. ‘இலை மாறிப்போச்சா சித்தப்பா?’ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிறுகுறிஞ்சான் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது.

புதுத்துளிர்:
வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இலையைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா?

விதைப்பெட்டி:
மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், முக்கியமாக அவர் மாத்திரை எடுக்கிறார் என்றால். பல நாடுகள் இனிப்பூட்டியாக அனுமதித்திருப்பது சுத்திகரித்துப் பிரித்தெடுத்த பொருளை. அமெரிக்காவில் 2008இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் வழி கிடைத்தது. நாம் மாடியில் பறிக்கும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று நம்மால் அளக்க முடியாது. செடியைப் பரிசாகக் கொடுக்கும்போது நோய் தீரும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

நிழல்வலை:
இலையைக் காயவைப்பதில் ஒன்று: வேகமாகக் காய வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் கறுத்து, சுவையும் மங்கும். தண்டிலிருந்து உருவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காற்றோட்டத்தில் பரப்பிவிடுங்கள். மடித்தால் ‘நொறுக்’ என்று உடைய வேண்டும். தண்டைத் தூக்கிப் போடுங்கள், அதில் இனிப்பு அதிகம் இல்லை.

மாடித்தோழி (நான்கு மாதம் கழித்து):
இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

நிழல்வலையின் நான்கு குச்சியில் மூன்று பிழைத்தன. நான்கு வாரம் படிக்கட்டுக்கடியில் இருந்துவிட்டு மேலே வந்தன. ஒன்றை மட்டும் கிள்ளாமல் விட்டு, என் செடி ஒன்றோடு உரசும்படி வைத்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தன. தேனீ குறைவாகத்தான் வந்தது, நானும் தினமும் காலையில் கொத்தோடு கொத்தைத் தொட்டுவிட்டேன். நேற்று காய்ந்த பூக்களைக் காகிதத்தில் உதிர்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழைய வெளிறிய விதைதான். ஆனால் நடுவில் கறுப்பாக, ஒரு சீரகத்தில் பாதிகூட இல்லாமல், எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. நகத்தால் அழுத்தினேன், தாங்கியது.

பதினைந்தை இன்று காலை தூவியிருக்கிறேன். மீதி பதினாறில் எட்டு நிழல்வலைக்கு, அவர் செடிக்கும் பிள்ளைகள்தானே. எட்டு கணுக்குச்சி அண்ணாவுக்கு. சீட்டில் இரண்டு தாயின் பெயரும் பென்சிலில் எழுதிவிட்டேன், குவாரானி மக்களின் பெயரையும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திங்கட்கிழமை அஞ்சலில் சேர்க்கிறேன்.

கணுக்குச்சி:
அனுப்பியாயிற்று. வெளிச்சம் படட்டும், மண் மூட வேண்டாம், தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள்.